4000 என்று போட்ட பம்பும் போய்ச் சேர்ந்த 9,300 ரூபாயும்

சேலத்தில் கைட்சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, கடலில் பலகையில் சறுக்குவது) செய்கிறவர்கள் என்று நான் பார்த்தது, என்னையும் சேர்த்து மூன்றே பேர். அந்த மூன்று பேருக்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆனால் ஏர்பெட், ரப்பர் படகு, பிள்ளைகள் குளிக்கும் காற்றுத் தொட்டி என்று எதையாவது ஊதுவதற்கு மின்சாரப் பம்ப் தேடிக் கடை ஏறுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இதைப் படித்துவிட்டு ஏறுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. மூன்று வருடம் முன்பு குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனபோது கடலில் ஒருவர் பெரிய கைட்டைப் பிடித்துக்கொண்டு பலகையில் சறுக்கிப் போவதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பயிற்சி எடுத்தேன், பழைய கைட் ஒன்றை வாங்கினேன். மே கடைசியிலிருந்து தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மாதம் ஒரு தடவையாவது போய்விடுவேன். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர், "நாப்பத்தாறு வயசுல பட்டம் விடுற வேலை."

இந்தப் பட்டத்துக்கு மூங்கில் குச்சி கிடையாது. முன்பக்கம் ஒரு தடித்த காற்றுக் குழாய், அதிலிருந்து பின்னால் போகும் சின்னக் குழாய்கள், அவ்வளவுதான் அதன் எலும்பு. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை, வெளியே கெட்டித் துணி. என் 12 சதுர மீட்டர் கைட்டில் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருக்க வேண்டும். வால்வு பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். குறைந்தால் பலத்த காற்றில் கைட் நடுவில் மடங்கும். தண்ணீரில் விழுந்தால் மறுபடி எழும்பாது. கூடினால் தையல் பிரியும். கைப் பம்பில் அடித்தால் மூன்று, நான்கு நிமிட வேலை. ஆனால் போன வருடம் எனக்கு வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தூக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை. அதனால்தான் மின்சாரப் பம்ப் யோசனையே வந்தது.

நம் ஊரில் ஒரு கடை. ஏற்காட்டில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு ஏர்பெட், விளக்கு, மடக்கு நாற்காலி எல்லாம் விற்பார்கள். நான் கைட்டைப் பற்றி விளக்கி, 7 பிஎஸ்ஐ வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கடைக்காரர் ஒரு கறுப்புப் பம்பை எடுத்து வைத்தார். மேலே தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர்: 20 பிஎஸ்ஐ.

"நீங்க கேக்குறது ஏழு. இது இருபது. போதுமாங்கண்ணா?"

சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 4000 என்று ஏதோ இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அது பவருங்க. நாலாயிரம்! மத்ததெல்லாம் ரெண்டாயிரந்தான்" என்றார். பிறகு ஒரு டபுள் ஏர்பெட்டை விரித்து ஊதிக் காட்டினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை, மெத்தை எழும்பி நின்றது. நான் மயங்கிவிட்டேன். 3,800 ரூபாய். பில் கேட்டேன். "பில்லுன்னா ஜிஎஸ்டி சேருங்க" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் கையால் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க வெள்ளியை உரசிப் பார்த்து டச் (எவ்வளவு சுத்தம் என்று) சொல்கிறவன், இங்கே வந்து ஸ்டிக்கரைப் பார்த்துக் காசு கொடுத்தேன். பட்டறைப் பையன்களுக்கு இன்னும் இந்த விவரம் தெரியாது.

ஜூன் மாதம், சனிக்கிழமை. ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி, காலை ஒன்பதரைக்குக் கடற்கரையில் நிற்கிறேன். அருமையான காற்று. பம்பைக் கார் சாக்கெட்டில் செருகி ஓடவிட்டேன். விர்ரென்று ஒரு நிமிடத்தில் குழாய் உருவம் பெற்றது. அதோடு சரி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பம்ப் சூடாகிக் கருகல் வாசனை வந்ததே தவிர அதற்குமேல் ஒரு துளி ஏறவில்லை. முன்குழாய் எருமைக்கொம்பு மாதிரி வளைந்து விறைத்து நிற்க வேண்டும். இது வாடிய புடலங்காய் மாதிரி மணலில் கிடந்தது. கடைசியில் கல்லூரிப் பையன் ஒருவன் தன் கைப் பம்பைக் கொண்டுவந்து, "தள்ளுங்க அங்கிள்" என்று ஊதிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வியர்வையில் ஊறியிருந்ததால் சுலபமாக உரிந்து வந்தது. அடியில், பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்தது: 4000 பாஸ்கல்.

நாலாயிரம் பவர் இல்லை. பாஸ்கலும் பிஎஸ்ஐ போலவே அழுத்தத்தின் அளவுதான், ஆனால் மிகச் சின்ன அளவு. ஒரு பிஎஸ்ஐ என்பது சுமார் 6,900 பாஸ்கல். அப்படியானால் இந்தப் பம்பின் முழு பலமும் 0.6 பிஎஸ்ஐகூட இல்லை. என் கைட்டுக்கு வேண்டியது 48,000 பாஸ்கல், அதாவது இதைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஏர்பெட்டுக்கு இந்த 0.6 தாராளம். அதில் நிறையக் காற்று போனால் போதும், விறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கடையில் காட்டிய வேடிக்கை அவ்வளவு நன்றாக இருந்தது. மில்லிகிராமில் எடை சொல்லிக் கிராம் விலை வாங்குவது போன்ற வேலை இது.

திங்கட்கிழமை கடைக்குப் போய் உரித்த ஸ்டிக்கரை மேசையில் வைத்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கம்பெனிலருந்தே அப்படித்தாங்க வருது" என்றார். அப்புறம் சொன்ன விளக்கத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"ஏற்காட்டுல இது பிரமாதமா ஓடுதுங்கண்ணா. கடற்கரைக் காத்து கனமான காத்து. அதான் தள்ள முடியல."

இதில் பாதி உண்மை. கடல் மட்டத்தில் காற்று அடர்த்திதான். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்று லேசு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் சிப்ஸ் பாக்கெட் உப்பிவிடுவது அதனால்தான். ஆனால் இந்தப் பம்பின் உள்ளே இருப்பது ஒரு மின்விசிறி. காற்று லேசாக இருந்தால் விசிறியால் இன்னும் குறைவாகத்தான் அழுத்த முடியும். ஏற்காட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் இதைவிட மோசமாகத்தான் ஊதியிருக்கும். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க, ரிட்டர்ன் பாலிசி நம்மகிட்ட இல்ல. மேல ஐயாயிரத்து ஐநூறு போடுங்க, ஒரிஜினல் தர்றேன்" என்றார். அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டேன்.

இரண்டாவது பம்ப் ரகத்தில் சரியானதுதான். நின்றபடி துடுப்புப் போடும் காற்றுப் பலகைகளுக்கு வருவது, இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதலில் விசிறி நிறையக் காற்றை உள்ளே தள்ளும், அப்புறம் பிஸ்டன் அழுத்தம் ஏற்றும். கட்டம் மாறும்போது சத்தமே மாறும், ஊய்ங்ங் என்பது போய் டடடட என்று கேட்கும். எத்தனை பிஎஸ்ஐ வேண்டுமோ அதை வைத்துவிட்டால் வந்ததும் தானாக நிற்க வேண்டும். ஆனால் பெட்டியின் டேப் ஏற்கெனவே கிழிந்திருந்தது. கேட்டால், "செக் பண்ணிப் பாத்தோம்." வீட்டுக்கு வந்து குழாயைத் தட்டினால் உள்ளங்கையில் மணல் கொட்டியது. வெள்ளை மணல், ஒரு சிட்டிகை. யாரோ கடற்கரையில் ஓட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த பம்ப்.

இந்தத் தடவை ஊரிலேயே சோதித்துவிடலாம் என்று ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கைட்டை மொட்டை மாடியில் விரித்தேன். (காற்றுள்ள நாளில் யாரும் மாடியில் இதைச் செய்யாதீர்கள். அன்று இலைகூட ஆடவில்லை. கயிறு எதையும் மாட்டவில்லை, இரண்டு பக்கமும் அரிசி மூட்டை வைத்திருந்தேன்.) கார் பேட்டரி ஒன்றை மாடிக்கு ஏற்றி, 7 என்று வைத்து ஓடவிட்டேன். சத்தம் ஒழுங்காக மாறியது. டிஸ்பிளேயில் 4.8, 5.1, 5.2. அங்கேயே நின்றது. பம்ப் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கைட் பழகியவர்கள் காற்று போதுமா என்று பார்க்க முன்குழாயை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். எங்கள் தொழிலிலும் பழைய வெள்ளி நாணயத்தைச் சுண்டித்தான் கேட்போம். சுண்டினேன். டிங் என்று, நான் அதுவரை கேட்டிராத உயரத்தில் ஒலித்தது. காது "போதும்" என்றது. கண் 5.2-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வியாபாரியிடமிருந்து போன். பேசிக்கொண்டே நிழலுக்கு நகர்ந்தேன்.

வெடித்த சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா சிலிண்டர் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டார். முன்குழாயின் தையல் ஒரு முழத்துக்குப் பிரிந்து, உள்ளே இருந்த பை கிழிந்து வெளியே நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே அப்போதும் 5.2.

சேலம் குகைப் பகுதியில் கார் சீட் கவர் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலை ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவிப் பார்த்தார். "தைக்கச் சொன்னா தச்சுருவேன் தம்பி. ஆனா நீ இதுல தொங்கிட்டுக் கடலுக்குள்ள போறேங்கற. என் நூலை நம்பிப் போகாத" என்று சொல்லி, ஒரு பைசா வாங்காமல் மடித்துக் கொடுத்தார். கைட் தைத்துப் பழகிய ஆளுக்குப் பார்சல் அனுப்பினேன். அந்தச் செலவு தனியாக 7,500 ரூபாய்.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பம்பைக் கொடுத்தேன். குழாயில் ஒரு டி-இணைப்பு போட்டு, தனி மீட்டர் மாட்டி, மறுமுனையை அடைத்து ஓட்டிப் பார்த்தார். டிஸ்பிளே 5.2-இல் நிற்க, மீட்டர் முள் 12-ஐத் தாண்டிப் போனது. உள்ளே இருக்கும் சென்சார் செத்துப்போயிருக்கிறது. 7-ஐப் பார்த்தால்தானே பம்ப் நிற்கும்? இதை முழுவதும் வீடியோ எடுத்துவைத்தேன்.

கடைக்காரர் வீடியோவைப் பார்க்கவே இல்லை. "பட்டத்துக்கு அடிக்கலாம்னு மேனுவல்ல இருக்குதாங்க?" என்றார். மணலைப் பற்றிக் கேட்டதற்கு, நான்தான் ராமேஸ்வரத்தில் ஓட்டியிருப்பேன் என்றார். பில் இல்லாத பொருளுக்கு வாரண்டி கிடையாது என்றார். பில்லைக் கொடுக்காதவரே அவர்தான்.

அந்த வாயைக் கேட்ட பிறகுதான் 1915-க்குப் போன் செய்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பில் கொடுக்காமல் விற்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். எஸ்டிமேட் சீட்டு, கூகுள் பே ரசீது, உரித்த ஸ்டிக்கர், மணல் (ஒரு சின்ன ஜிப் கவரில் வைத்திருக்கிறேன்), வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வந்த பொருளின் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும், அதிகபட்ச விலையும் இருந்தாக வேண்டும். என் இரண்டு பெட்டியிலும் அவற்றில் ஒன்றுகூட இல்லை. வாங்கும்போது அதைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

கைட்டுக்கே வாங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டு விஷயம். கடையில் மெத்தையை ஊதிக் காட்டினால் நம்பாதீர்கள். குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிப் பாருங்கள். விசிறி மட்டும் உள்ள பம்ப் என்றால் விரலை எடுக்காமலே நிற்கலாம், அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். பிஸ்டன் உள்ளது என்றால் விரலைத் தள்ளிவிடும். அப்புறம், கைப் பம்பில் நாம் மறந்துவிடும் ஒரு வசதி உண்டு. ஊதும்போது கைட்டைப் பம்பின் கயிற்றில் கொக்கி போட்டு மாட்டிவிடுவோம், பம்பின் மேல் நம் கால் இருக்கும், நம் எடையே நங்கூரம். மின்சாரப் பம்ப் இரண்டு கிலோ பொம்மை. பலத்த காற்றில் கைட் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நல்ல பம்பாகவே இருந்தாலும் கைட்டின் மேல் மணலை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

கடையில் அதே கறுப்புப் பம்ப் இன்னும் முன்வரிசையில் இருக்கிறது, அதே தங்க நிற ஸ்டிக்கரோடு. போன வாரம்கூட ரோட்டிலிருந்தே பார்த்தேன். நீங்களும் எஸ்டிமேட் சீட்டில் அதை வாங்கியிருந்தால் ஸ்டிக்கரை உரித்து அடியில் இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஆணையத்தில் என் மனு எண் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன். தோள்பட்டை பரவாயில்லை. இப்போதைக்குக் கைப் பம்பை இடது கையால் அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், எட்டு நிமிடம் ஆகிறது.