ஃபைவ் இன் ஒன் ரிஃப்ளெக்டர்: ஜன்னலோரத்தில் நிற்கும் கல்யாணப் பெண்ணுக்கு எது உதவும்?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கல்யாணப் படம் எடுக்கிறேன். மண்டப வேலை ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு மனசுக்குப் பிடித்தது, பெண் வீட்டிலேயே, அவள் வளர்ந்த அறையில், ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுக்கும் படங்கள்தான். ஒரு கேமரா, 50 எம்.எம். லென்ஸ், வெளிச்சத்தை முகத்தின் பக்கம் திருப்பிவிடும் 110 செ.மீ. வட்ட ரிஃப்ளெக்டர், இவ்வளவுதான் உள்ளே எடுத்துப் போவேன். ஃப்ளாஷ் பை வண்டியிலேயே இருக்கும். "எந்த ரிஃப்ளெக்டர் வாங்கலாம் அக்கா?" என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பல பெயர்களில் விற்றாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பிரிங் கம்பி வளையம், அதில் இழுத்துத் தைத்த மெல்லிய வெள்ளைத் துணி, அதற்கு மேலே ஜிப் வைத்த உறை. உறையைத் திருப்பித் திருப்பிப் போட்டால் வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு என்று நாலு பக்கம் கிடைக்கும். உறையைக் கழற்றிவிட்டால் வெளிச்சத்தை உள்ளே விடும் அந்தத் துணி ஐந்தாவது.

கடையில் காட்டும்போது வெள்ளியையும் தங்கத்தையும்தான் விரித்துப் பளபளவென்று காட்டுவார்கள். நம் பெண்களுக்கு அந்த இரண்டும் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, மாட்டல், ஒட்டியாணம், பட்டுப்புடவையின் ஜரிகை என்று அவள் உடம்பெல்லாம் ஏற்கெனவே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பொருள்கள். அதன்மேல் வெள்ளித் தகட்டையும் காட்டினால் ஜரிகை வெளுத்துப்போகும், நெற்றியில் பவுடர் பூசிய இடம் திட்டாகத் தெரியும். தங்கப் பக்கம் இன்னும் மோசம். ஒரு கன்னத்தில் ஜன்னலின் குளிர்ந்த வெளிச்சம், மறு கன்னத்தில் மஞ்சள். அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய உட்கார்ந்தால் அரக்குப் பட்டின் நிறமும் சேர்ந்து மாறும்.

பழைய கடலூரில் ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பாட்டி கொடுத்த எட்டுக்கல் பேசரி போட்டிருந்தார்கள். வெள்ளிப் பக்கத்தைக் காட்டியபோது மூக்கின்மேல் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டுதான் தெரிந்தது. கல் எது, தங்கம் எது என்று பிரிக்க முடியவில்லை. உறையைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைப் போட்டேன். எட்டுக் கல்லும் தனித்தனியாக நின்றன, கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகூடத் தெரிந்தது. பெண்ணும் பாட்டியும் கேமராவின் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைப் பக்கம் அவ்வளவு மென்மையானது. நிழலைத் துரத்தாது, அதற்குள் கொஞ்சம் விவரத்தை மட்டும் திறந்துவிடும்.

ஐந்தாவது பக்கமான அந்த மெல்லிய துணிக்கு நம் கடற்கரைப் பக்கம் பெரிய வேலை இருக்கிறது. கிழக்கே கடல், மறைக்க ஒன்றுமில்லை. தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளில் காலை எட்டு மணிக்கெல்லாம் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக முகத்தில் விழும். ஜன்னல் கம்பியின் நிழல் கோடு கோடாகக் கன்னத்தில் படியும். அந்த ஜன்னலை இந்தத் துணியால் மறைத்துவிட்டால் கோடுகள் கரைந்து, ஜன்னல் முழுவதும் ஒரே சீரான வெளிச்சமாகிவிடும். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் இது தேவையே இல்லை. அங்கே பெரும்பாலும் நேர்வெயில் வராது, வெளிச்சமும் அவ்வளவாக மாறாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடியிருந்தாலும் அப்படித்தான், உறையைக் கழற்றவே வேண்டாம்.

அப்புறம் கறுப்புப் பக்கம். பலர் இதைத் தொட்டதே இல்லை. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. நம் வீடுகளில் சுவருக்குப் பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று அழுத்தமாகப் பெயின்ட் அடிக்கிறோம். ஜன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி, அந்த நிறத்தோடு பெண்ணின் தாடையில் ஏறும். மேக்கப் போடும் பெண் பார்த்துப் பார்த்துப் போட்ட நிறமெல்லாம் பாழ். சுவருக்கும் பெண்ணுக்கும் நடுவே கறுப்புப் பக்கத்தைக் காட்டினால் அந்தச் சாயல் நின்றுவிடும். கூடவே ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் இருட்டி, மூக்கும் தாடையும் கழுத்தும் வடிவோடு எழுந்து வரும். மாநிறமான பெண்களை, கறுப்பான பெண்களை இப்படி எடுத்துப் பாருங்கள். தோலில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்குவது அவ்வளவு அழகு. பெண்ணை வெளுப்பாகக் காட்டச் சொல்லி யார் கேட்டாலும் நான் வெள்ளித் தகட்டை எடுப்பதில்லை. முதலில் கறுப்புப் பக்கத்தை வைத்து ஒரு படம் எடுத்து அம்மாவிடம் காட்டுவேன். "இது என் பொண்ணுதான்" என்று அவர் முகம் மலர்ந்த பிறகு அந்தப் பேச்சு திரும்ப வராது.

புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய முற்றத்து வீடுகளுக்கு வேறு கணக்கு. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்குவதால் கண்குழி இருண்டுவிடும். பெண்ணை முற்றத்து நடுவில் நிறுத்தாமல் தாழ்வாரத்துக்குள் ஓரடி தள்ளி, முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்து, வெள்ளைப் பக்கத்தை மடிக்குச் சற்று முன்னால் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். கண்ணில் வெளிச்சப் புள்ளி வந்துவிட்டால் சரி. ஜன்னலோரத்தில் அப்படித் தாழ்வாகப் பிடித்தால் கீழிருந்து வெளிச்சம் ஏறி முகம் பயமுறுத்தும். அங்கே முகத்தின் உயரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்புறம்தான் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது யார்? உதவியாள் இல்லாத நாளில் அத்தையோ தம்பியோதான். "அத்தை, பொண்ணு முகத்தைப் பாக்காதீங்க, ஜன்னலைப் பாத்துக் காட்டிட்டு மெதுவா பொண்ணு பக்கம் சாய்ங்க" என்று சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அறையில் டியூப்லைட் எரிந்தால் முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்துவிட்டால் எந்த ரிஃப்ளெக்டரும் காப்பாற்றாது.

ஒரு பெரிய தடை, நேரம். முகூர்த்தம் விடிகாலையில் என்றால் பெண் ராத்திரி மூன்று மணிக்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்துவிடுவாள், அப்போது ஜன்னலில் என்ன இருக்கும்? நலங்கு அன்று சாயங்காலத்துக்கு முன்போ, மறுவீடு வந்த பிறகோ அரை மணி நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள். பேச்சு முடிக்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குறைகளையும் சொல்கிறேன். பையிலிருந்து உருவியதும் வளையம் படாரென்று விரியும். குத்துவிளக்கும் சீர்த்தட்டும் பரப்பிய கூடத்தில் அது ஆபத்து, வாசலிலேயே விரித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். வெள்ளைப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் ஒட்டும், லேசில் போகாது. சீக்கிரம் கெட்டுப்போவது உறையின் ஜிப்தான். கடற்கரையில் காற்றுக்கு நிற்கவே நிற்காது, பறக்கும். இது வீட்டுக்குள் பயன்படுத்தும் பொருள்.

அளவு: மார்பளவுப் படம் மட்டும் என்றால் 80 செ.மீ. போதும், சின்ன அறையில் திருப்பவும் வசதி. புடவைக் கொசுவம் வரை வேண்டும் என்றால் 110. பணம் இப்போதைக்கு இல்லையா, ஸ்டேஷனரிக் கடையில் ஒரு பெரிய தெர்மகோல் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளைப் பக்கத்தின் வேலையை அது நன்றாகவே செய்யும். ஜன்னலுக்கு வெள்ளை வேட்டி கட்டினாலும் வெயில் மென்மையாகும். ஆனால் கறுப்புப் பக்கத்துக்கு ஈடாகப் பெரிய கறுப்புத் துணியைப் பிடித்து நிற்க இரண்டு பேர் வேண்டும், அதற்காகவாவது இதை வாங்கலாம்.

கடையிலேயே விரித்து, மடக்கிப் பார்த்து வாங்குங்கள். எதிரெதிர் விளிம்பைப் பிடித்து ஒரு கையை உள்பக்கமாக முறுக்கினால் மூன்று வளையமாகச் சுருள வேண்டும். விரித்துத் தரையில் வைத்தால் விளிம்பு எங்கும் தூக்காமல் படிய வேண்டும். ஜிப்பை முழுச்சுற்றும் இழுத்துப் பாருங்கள்.