சந்தை விழுந்ததால் போகவில்லை என் பணம்

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வுக்காலத்துக்காக மாதாமாதம் கட்டும் 25 வருடத் திட்டம் எதிலாவது சமீபத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பாருங்கள். இந்தப் பதிவை அப்புறம் படிக்கலாம். என்னுடையதில் 30 நாள் இருந்தது. அந்த வரியை நான் படித்தது நான்காவது வருடம்.

2017-இல் ஒரு நிதி ஆலோசகர் அலுவலக எண்ணுக்கே போன் செய்தார். தமிழில் பேசினார்; அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். "அண்ணா, இந்த நாட்டுல உங்களுக்குப் பென்ஷன் கிடையாது. ஊர்லயும் எதுவும் சேரல. அறுபது வயசுல என்ன பண்ணுவீங்க?" என்றார். கேள்வி நியாயமானது. இரண்டு நாட்டு ஓய்வூதிய முறைக்கும் நடுவில் தொங்குகிற எல்லோருக்கும் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்விதான் அது.

பிரிட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் திட்டம் அது. "கம்பெனியே மூழ்கினாலும் 90 சதவீதம் சட்டப்படி திரும்ப வரும் அண்ணா." இதுவும் பொய்யில்லை. அந்தத் தீவில் பாலிசிதாரர்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் நிறுவனம் திவாலானால்தான் அது பேசும். யூனிட், அதாவது நாம் கட்டும் பணத்துக்கு ஃபண்டில் நம் பெயரில் எழுதும் பங்கு, அதன் விலை விழுந்தாலும் சரி, கட்டணம் தின்றாலும் சரி, அதிலிருந்து ஒரு காசு வராது. இந்த இரண்டாவது பாதியை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

10 வருடம் போதும் என்றேன். 25 வருடம் போட்டுவிட்டு வேண்டாம் என்றால் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. நான் 25 வருடமும் கட்டுவேன் என்று வைத்துக் கணக்குப் போட்டு, கமிஷனை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதை என்னிடமிருந்து வசூலிக்கத்தான் 'தொடக்க யூனிட்' என்ற ஏற்பாடு. முதல் 18 மாதம் கட்டியது முழுக்க அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது. அதன் மேல் ஆண்டுக்கு 6 சதவீதக் கட்டணம், அதுவும் 25 வருடத்துக்கும். இடையில் வெளியேறினால் அந்த யூனிட்டுக்குத் திரும்பக் கிடைப்பது ஏறக்குறைய பூஜ்யம். இதற்கு மேல் மாதாந்தரப் பாலிசிக் கட்டணம், என் பணம் இருந்த ஃபண்டும், அது பணம் போட்ட ஃபண்டும் தனித்தனியாக எடுக்கும் கட்டணம். பிரிட்டனில் 2012 இறுதியிலும் ஆஸ்திரேலியாவில் 2013 ஜூலையிலும், முதலீட்டை விற்கும் ஆலோசகர் நிறுவனத்திடம் கமிஷன் வாங்குவதற்குத் தடை வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டது அதற்கெல்லாம் பிறகு, அந்தத் தடை எட்டாத இடத்தில்.

இன்னொரு மடத்தனமும் செய்தேன். "ஃபண்டு மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமே" என்று அவர் நீட்டிய வெற்றுப் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

2020 பிப்ரவரி 19-க்கும் மார்ச் 23-க்கும் நடுவே அமெரிக்கப் பங்குச் சந்தையின் முக்கியக் குறியீடான எஸ் அண்ட் பி 500 சுமார் 34 சதவீதம் விழுந்தது. என் சம்பளத்திலும் அப்போது கை வைத்திருந்தார்கள். தவணையைச் சில மாதம் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். தவணை நின்றாலும் கட்டணம் நிற்காது, இருக்கிற யூனிட்டை விற்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அறிக்கை வந்தபோதுதான் தெரிந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. மார்ச் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் விற்று ரொக்க ஃபண்டுக்கு மாற்றியிருந்தார், அந்த வெற்றுப் படிவத்தை வைத்து. அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி இறக்கியிருந்த நேரம் அது. ரொக்கத்தில் வருமானம் ஒன்றுமில்லை, கட்டணம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அந்தக் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. என் பணம் அடிமட்டத்திலேயே விற்கப்பட்டு அங்கேயே கிடந்தது.

போன் செய்தால், "சந்தை நிலவரம் அப்படி சார், உலகத்துக்கே அடி" என்றார். மூன்று வருடமாக அண்ணாவாக இருந்த நான் அன்றைக்குத்தான் சார் ஆனேன். அடுத்த மாதம் அந்த எண்ணே இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். ஆலோசகர் உங்கள் பிரதிநிதி, எங்கள் ஊழியர் அல்ல என்று ஒரு பக்கத்தில் பதில் வந்தது. நான் இருந்த நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பைக் கேட்டேன். ஆலோசனை நிறுவனம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே என்று ஏழு மாதம் போயிற்று.

2021-இல் சரண்டர் செய்தேன், அதாவது திட்டத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்ததை வாங்கிக்கொண்டேன். கட்டிய நூறுக்கு 46 வந்தது. மிச்ச வருடங்களுக்கான கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, விட்டுவிட்டு வருவதுதான் மலிவு என்று தெரிந்தது. எல்லோருக்கும் கணக்கு இப்படித்தான் வரும் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் கட்டி முடித்தவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

யாராவது இப்போது உங்களை அணுகினால் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: ஐந்தாவது வருடம் நிறுத்தினால் என் கையில் எவ்வளவு வரும்? மின்னஞ்சலில் கேளுங்கள். என் பேச்சைக் கேட்டு என்னுடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் அப்படியே கேட்டார்கள். இரண்டு பேருக்கும் பதில் போனில்தான் வந்தது.