தமிழ் எழுத்து கலரிங் ஷீட் தொகுப்பு: காசு கொடுத்து வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரெழுத்துத் தாள்களுக்காக வாங்கலாம். மெய்யெழுத்துத் தாள்களை அப்படியே பிள்ளை கையில் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஆனால் கத்தரிக்கோலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதையும் உருப்படியாக மாற்றிவிடலாம். விற்றவர் பெயரைப் போடவில்லை. இணையத்தில் கிடைக்கிற இந்த மாதிரித் தொகுப்புகள் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன், பெரும்பாலும் இதே கோளாறுதான். ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன ஆகப்போகிறது?

199 ரூபாய்க்கு ஒரு பிடிஎஃப். 12 உயிர், ஒரு ஆய்தம், 18 மெய் என்று 31 தாள், கூடவே வெட்டி மடித்து ஒட்டுகிற பகடை ஒன்று. ஒவ்வொரு தாளிலும் உள்ளே வெறுமையாக விட்ட பெரிய எழுத்து, பக்கத்தில் கலர் அடிக்க ஒரு படம், கீழே அந்தப் படத்தின் பெயர். அவ்வளவுதான். அண்ணன் மகள் எல்கேஜி படிக்கிறாள், அவள் பள்ளியில் ஆங்கிலத்தை போனிக்ஸ் முறையில் சொல்லித்தருகிறார்கள், எழுத்தின் பெயரை ஒப்பிக்காமல் ஒலியைச் சொல்லிப் பழகுவது. வீட்டில் எதைப் பார்த்தாலும் "ப்ப்ப்", "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே சத்தம். தமிழுக்கும் இப்படி ஏதாவது செய்ய முடியாதா என்று அண்ணி கேட்டதால் வாங்கினேன்.

உண்மையில் ஒலி வழியாகச் சொல்லிக்கொடுப்பது தமிழுக்கு இன்னும் தோதானது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டும், எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று. நமக்கு 'அ' என்ற எழுத்தின் பெயரும் அ, ஒலியும் அ. பிள்ளை குழம்ப வழியே இல்லை. அதனால்தான் உயிரெழுத்துத் தாள்கள் நன்றாக வேலை செய்கின்றன. ஆ ஆமை, ஈ ஈ, எ எறும்பு, ஏ ஏணி, ஊ ஊசி. படத்தைப் பார்த்ததும் வாயில் வருகிற பெயர், அந்தப் பெயரின் முதல் ஒலி, பக்கத்தில் அதே எழுத்து. மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன.

உரல் மட்டும் பிரச்சினை. மிக்சியும் கிரைண்டரும் பார்த்து வளர்ந்த பிள்ளை அதைப் பூந்தொட்டி என்றுதான் சொல்லும். பெயர் மாறினால் ஒலிப் பயிற்சியே போச்சு. அந்தப் படத்தின் மேல் ஒரு உண்டியலை வரைந்து ஒட்டிவிட்டேன், இ என்பதற்கு இருந்த இலையையும் இட்லி ஆக்கிவிட்டேன், இலை தப்பில்லை, ஆனால் இட்லி என்றால் அவளுக்குக் கூடுதல் உற்சாகம். ஃ தாளில் எஃகு என்று ஒரு கம்பியை வரைந்திருக்கிறார்கள். நாலு வயதுக்கு எஃகு எங்கே தெரியப்போகிறது, அந்தத் தாளை மூன்று புள்ளி ஒட்டி விளையாட வைத்துக்கொண்டோம். ஔ தாளில் 'ஒ'வும் 'ள'வும் ஒரே அளவில் நிற்கின்றன, எழுத்துக்கூட்டப் பழகிய பிள்ளை அதை 'ஒள' என்றுதான் வாசிக்கும். பக்கத்தில் நிற்பதைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டிருந்தால் தீர்ந்தது.

உயிரில் எனக்குப் பிடித்த விளையாட்டு குறில் நெடில்தான், தொகுப்பில் அது கிடையாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்தோமே, அது முழுக்க முழுக்கக் காது சம்பந்தப்பட்ட விஷயம். குறில் தாள்களுக்கெல்லாம் மஞ்சள், நெடிலுக்கெல்லாம் சிவப்பு என்று கலர் அடிக்கச் சொன்னேன். ஐ, ஔ இரண்டும் நெடில் கட்சிதான். பிறகு தாள்களைக் கூடத்தின் இரண்டு மூலையில் பிரித்து ஒட்டிவிட்டு, கல்லா மண்ணா விளையாட்டின் கணக்கில், நான் ஒரு சொல் சொல்வேன், முதல் ஒலி குறிலா நெடிலா என்று கேட்டு அந்த மூலைக்கு ஓட வேண்டும். கல், கால். பல், பால். முடி, மூடி. மலை, மாலை. கொடு, கோடு. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், ஒருவன் எப்போதும் தப்பான மூலைக்குத்தான் ஓடுவான், வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன். டைல்ஸ் தரையில் தாளைச் சும்மா போட்டால் வழுக்கும், நான்கு முனையிலும் செல்லோ டேப் அவசியம்.

இப்போது மெய்க்கு வருவோம். கோளாறு இங்கேதான்.

மெய் என்று தலைப்புப் போட்டுவிட்டு, புள்ளி இல்லாமல் க, ங, ச என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கில ஷீட்டில் எல்லாம் முதல் எழுத்து, முதல் ஒலி, அதற்கொரு படம் என்று இருக்கிறதல்லவா, அதையே தமிழுக்கும் தூக்கி வைத்திருக்கிறார்கள். க கண், ச சட்டை, ப பந்து, ம மரம் வரை தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் எப்போதோ எழுதிவைத்துவிட்டது. ங-வுக்கும் நடைமுறையில் சொல் கிடையாது. என்ன செய்வார்கள் பாவம், ட-வுக்கு டம்ளர், ர-வுக்கு ரயில், ல-வுக்கு லட்டு என்று வெளியிலிருந்து வந்த சொற்களைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, பிள்ளைகள் தினமும் சொல்கிற சொற்கள்தானே. ங தாளில் படமே இல்லை, அந்த எழுத்துக்கே இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வரைந்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் ழ வருகிறது, பழம். ற வருகிறது, பறவை. அதாவது இவ்வளவு நேரம் முதல் ஒலியைக் கேள் என்று பழக்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடு ஒலிக்குத் தாவிவிட்டார்கள். "இது என்ன எழுத்துடா தங்கம்?" என்று ழ-வைக் காட்டினால், "ப, அத்தை" என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்தபடியே செய்தாள்.

நான் என்ன செய்தேன் என்றால், மெய்த் தாள்களை முதல் ஒலிக்குப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, கடைசி ஒலிக்கு மாற்றினேன். தமிழ்ச் சொற்கள் மெய்யில் முடிவது சர்வசாதாரணம். கண், மரம், நாய், தேர், பல், கூழ், தேள், மீன் என்று எட்டு மெய்க்கு எட்டுப் படம் கிடைத்துவிட்டது. கடைசி ஒலியை இழுத்துச் சொல்வதும் சுலபம், "மீன்ன்ன்", "பல்ல்ல்". வல்லினம் ஆறும் இப்படி முடியாது, அவற்றை இரட்டிக்கிற சொற்களில் நன்றாகக் கேட்கலாம்: கொக்கு, பச்சை, தட்டு, நத்தை, கப்பல், புற்று. இந்தப் பட்டியல் ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை, பழைய அரிச்சுவடி பார்த்தவர்களுக்குப் பாதி ஞாபகம் வரும். அந்த வழி இருக்கும்போது எதற்கு டம்ளரும் லட்டுவும் என்பதுதான் என் கேள்வி.

ங், ஞ் இரண்டும் மெய்யாகத் தனித்து நிற்காத எழுத்துகள், துணை சேர்ந்தால்தான் அவற்றின் ஒலி காதில் விழும். இன எழுத்து என்று படித்தோமே, சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று, இந்த ஆறு சொல்லில் ஆறு மெல்லினமும் ஆறு வல்லினமும் ஜோடி ஜோடியாக வந்துவிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே கலர் என்று 12 எழுத்துகளையும் கலர் அடித்து, சீட்டாக வெட்டி, கவிழ்த்துப் போட்டு ஜோடி சேர்க்கிற விளையாட்டு. ஜோடி கிடைத்தால் சொல்லையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் சீட்டு உனக்கு. முழுத் தொகுப்பிலும் அதிக நாள் தாக்குப்பிடித்த விளையாட்டு இதுதான், அண்ணன்கூட உட்கார்ந்து ஆடினார், தோற்றார்.

இதில் ஒரு மறைமுக லாபமும் இருக்கிறது. ந, ன, ண மூன்றையும் பேச்சில் பிரித்துக் கேட்கிற வீடு எத்தனை இருக்கும்? மயங்கொலியைக் காதை மட்டும் நம்பிச் சொல்லிக்கொடுக்க முடியாது. எங்கள் மதுரைப் பக்கம் பழம் என்பது பளம்தான், நானே அப்படித்தான் பேசுவேன், ழ தாளை வைத்துக்கொண்டு நாக்கை எவ்வளவு மடக்கினாலும் மறுநாள் வாழைப்பளம் திரும்பி வந்துவிடும். ஆனால் இடத்தை வைத்துச் சொல்லலாம். சொல்லின் தொடக்கத்திலும் த-வுக்கு முன்னாலும் ந, ட-வுக்கு முன்னால் ண, ற-வுக்கு முன்னால் ன. ஜோடிச் சீட்டு ஆடுகிற பிள்ளைக்கு இது விதி என்று தெரியாமலே கைக்கு வந்துவிடுகிறது. வகுப்பு ஏறிய பிறகு 'வன்டி' என்று எழுதி வாங்கிக்கட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

புள்ளி இல்லாத தாள் என்று குறை சொன்னேன், அதுவே ஒரு வசதியாகிவிட்டது. சின்ன அளவில் அச்செடுத்து லேமினேட் செய்துவிட்டு, மேலே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் க் ஆகிறது. பொட்டை எடுத்தால் க. இத்தனை வருஷமாக 'க் கூட்டல் அ சமம் க' என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுகிற கணக்கு, ஒரு பொட்டில் முடிந்துவிட்டது. அட்டையில் வெட்டிய துணைக்காலைப் பக்கத்தில் வைத்தால் கா. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வராமல் இருந்திருந்தால் ணா, றா, னா மூன்றுக்கும் இந்தத் துண்டு பொருந்தியிருக்காது, அவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது, வீட்டுப் பெரியவர்கள் பழைய வழக்கத்தில் இன்னும் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது 18-க்கும் ஒரே துண்டு போதும். கொம்புக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம், கெ என்பதில் ஒலி பின்னால் வர, குறி முன்னால் நிற்கிறது, அதை ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பொட்டை லேமினேட் செய்யாத தாளில் ஒட்டினால் எடுக்கும்போது தாளோடு வரும், கவனம்.

அச்சு பற்றி. ஜெராக்ஸ் கடையில் சாதாரணமாகப் போடுகிற 70, 75 ஜிஎஸ்எம் தாள் கிரேயானுக்குப் போதும். ஸ்கெட்ச் பேனா என்றால் பின்பக்கம் ஊறிவிடும், 100 ஜிஎஸ்எம் கேட்டு வாங்குங்கள். இந்த பிடிஎஃப் அமெரிக்கப் பக்க அளவில் இருக்கிறது, ஏ4 தாளில் அப்படியே போட்டால் பக்கவாட்டில் எழுத்து வெட்டுப்படுகிறது, பக்கத்துக்குள் அடங்குமாறு போடச் சொல்லிவிட வேண்டும், கடைக்காரரே கேட்பார் என்று நம்ப வேண்டாம். சீட்டுக்கு ஒரு தாளில் நாலு பக்கம் வருமாறு கேட்டால் ஏ6 அளவில் கச்சிதமாக வரும், செலவும் கால்வாசி.

ஒட்டும் வேலைகளில், எழுத்துக்குள் பெவிகால் தடவி உளுந்து, துவரம்பருப்பு, கோலப்பொடி தூவுவது நன்றாக இருக்கிறது, விரலால் தடவித் தடவி வடிவம் மனதில் பதிகிறது. ஆனால் அதை எழுதும் திசையில் ஒட்டவைக்க வேண்டும், இந்தத் தாளில் எங்கே தொடங்கி எப்படிச் சுழிக்க வேண்டும் என்று அம்புக்குறி எதுவும் இல்லை, நானே பேனாவால் போட்டேன். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பருப்பு மூக்குக்குள் போகும், பக்கத்தில் ஆள் வேண்டும். அப்புறம் அரிசி ஒட்டிய தாளைச் சுவரில் மாட்டாதீர்கள், எறும்பு வரும். வெள்ளைக் கிரேயானால் எழுத்தை எழுதிக் கொடுத்து, மேலே வாட்டர் கலர் பூசச் சொன்னால் எழுத்து தானாகத் தெரியும், மெழுகில் தண்ணீர் ஒட்டாது. இதற்குத் தொகுப்பே தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும்.

பகடை மட்டமான யோசனை. ஆறு முகத்துக்கு ஆறு எழுத்து, அதிலும் ங ஒன்று. ங விழுந்தால் சொல் சொல்ல வேண்டுமாம், யார் சொல்வது?

கலர் அடித்தால் மட்டும் எழுத்து வந்துவிடும் என்று தாளைக் கொடுத்துவிட்டு செல்போனைப் பார்க்கிற வீட்டுக்கு இது வெறும் பொழுதுபோக்குத்தான், அதில் ஒன்றும் தப்பில்லை, அதற்கு 199 ரூபாய் அதிகம். அடிக்கும்போது வாயும் வேலை செய்ய வேண்டும், படத்தின் பெயரைச் சொல்லி, ஒலியைப் பிரித்து, அதே ஒலியில் வீட்டில் வேறென்ன இருக்கிறது என்று தேட வேண்டும். அந்த நேரம் உங்களிடம் இருந்தால் உயிரெழுத்துப் பகுதி ஒன்றே காசுக்குத் தகும்.

வாங்கிய மறுவாரம் மின்னஞ்சலில் இன்னொரு விளம்பரம் அனுப்பினார்கள், 216 உயிர்மெய்க்கும் தனித்தனித் தாள், 899 ரூபாய். வேண்டாம். கொம்பும் சுழியும் அட்டையில் வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் முடிந்துவிடும், உகர, ஊகார வரிசைகள் மட்டும்தான் கு, கூ, சு, சூ என்று ஒவ்வொன்றும் ஒரு வடிவம், அதற்கு 36 தாளைக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம். மிச்சக் காசுக்கு நல்ல கிரேயான் டப்பா வாங்குங்கள், முனை உடையாத தடிமனான வகை.