கிளினிக் வாங்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கடன் ஆலோசகர்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் எலும்பு முறிவு கிளினிக்குக்குப் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். விடியவே போய் நம்பர் எடுத்துவிட்டு, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பவரின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கஞ்சி போட்ட சேர்ட், கையில் நீல நிறப் பைல். கட்டு எதுவும் இல்லை. யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்தேன்.

“எந்தக் கால் அண்ணன்?” என்று கேட்டார். வலது கால் என்றேன். அப்புறம் என்ன தொழில், எப்படி விழுந்தீர்கள், பிள்ளைகள் எத்தனை. கடைசியாகத்தான், “லீசிங் ஏதும் ஓடுதா?”

நான் டைல்ஸ் பதிக்கிறவன். களுவாஞ்சிக்குடிப் பக்கம். அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறக்க இரண்டு கிழமை இருந்தபோது, கல்முனையில் ஒரு மாடி வீட்டில் வெளிச்சுவருக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். சாரம் சரிந்தது. உயரம் பத்தடிதான். காலூன்றி விழுந்ததால் தலை தப்பியது. குதிக்கால் எலும்பு நொறுங்கிப்போனது. மூன்று மாதம் அந்தக் காலை நிலத்தில் ஊன்றவே கூடாது என்றார் டொக்டர். அதற்குப் பிறகும் குந்தியிருந்து வேலை செய்வது கஷ்டம் என்று மெதுவாகச் சொன்னார். டைல்ஸ் வேலையில் குந்தியிருப்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அப்போது வீட்டில் இருந்த கடன்கள் இவ்வளவு. ஒரு ஓட்டோவின் லீசிங், மாதம் 18,500. அதை மச்சான் ஓட்டி நாளுக்கு 700 தருவார், மாதத் தவணை அதிலேயே அடங்கிவிடும். மனைவி பெயரில் இரண்டு குழுக் கடன்கள், இரண்டுக்குமாகக் கிழமைக்கு 2,650. வங்கியில் அடகு வைத்த நகைக்கு 180,000. ஹார்ட்வெயார் கடையில் கொஞ்சம். கை கால் நன்றாக இருக்கும்வரை இது ஒரு பாரமாகவே தெரியவில்லை. நாளுக்கு 4,500 உழைக்கிறவனுக்கு இது சாதாரணக் கணக்கு.

விழுந்து ஒரு மாதத்துக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. காலை எட்டுக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, பிறகு தெரியாத நம்பர்கள். குழுக் கடன்காரப் பையன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் பொழுது சாயும்வரை விறாந்தையில் இருப்பான். ஒருநாள் என் சின்ன மகள் அவனிடம், “அப்பா வேலைக்குப் போயிட்டார்” என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. கால் முழுக்கக் கட்டோடு கட்டிலில் கிடக்கிறவன் வேலைக்குப் போயிருக்கிறானாம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மனநிலையில்தான் அடுத்த கிளினிக்குக்குப் போனேன். அந்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அன்றைக்குத்தான்.

அவர் சொன்னது இதுதான்: “ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அண்ணன். இனி நீங்க போன் எடுக்கவே வேணாம். எல்லாக் கம்பெனியோடயும் நான் பேசுறன்.”

இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், அவர் என்னிடம் விற்றது அந்த ஒரு வசனத்தைத்தான். கடன் குறையும் என்பதைவிட, யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் எனக்கு இனித்தது.

நகரத்தில் ஒரு கடைக்கு மேலே அவருக்கு அறை இருந்தது. மேசை, மின்விசிறி, சுவரில் நீதித் தராசுப் படம். என்ன நிறுவனம் என்று பலகை இல்லை. பைலிலிருந்து ஒரு பழைய பத்திரிகைத் துண்டின் போட்டோப் பிரதியை எடுத்துக் காட்டினார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்ற செய்தி. அது உண்மையான செய்திதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கே அதில் கழிந்தது. ஆனால் அது அந்த நேரத்து நிலுவைகளுக்கான திட்டம், இன்றைக்கு எடுத்த கடனுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவர், “இதே முறையில் உங்கட மனைவிட கடனும் வெட்டுப்படும்” என்றார். உண்மையான ஒரு கடதாசியைக் காட்டிவிட்டு அதன் மேல் பொய்யைச் சொன்னால், கேட்கிறவனுக்குப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

கிரிப்பில், அதாவது எல்லாருடைய கடன் பதிவும் இருக்கும் கடன் தகவல் பணியகத்தில், கெட்டுப்போன பெயரையும் நீக்கித் தருவாராம். அங்குள்ள பதிவைக் கடன் கொடுத்த நிறுவனம்தான் புதுப்பிக்க வேண்டும், வெளியே இருக்கும் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பைல் திறக்க 35,000. மனைவியின் தோட்டை வைத்து எடுத்துக் கொடுத்தேன். பிறகு மாதாமாதம் 15,000, “கம்பெனிகளுக்குப் பிரித்துக் கட்ட”. முதலாவது 15,000ஐ மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு முதல் நாள் கொடுத்தது நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த முறை பிள்ளைகளைத் தீர்த்தத்துக்குக் கூட்டிப்போகக் காசில்லை. அடையாள அட்டைப் பிரதி, ஓட்டோவின் புத்தகப் பிரதி, கிளினிக் கொப்பியின் பிரதி எல்லாம் வாங்கிக்கொண்டார். மூன்று வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் வாங்கினார், “கடிதம் அடிக்க ஒவ்வொரு முறையும் உங்களை ஏன் அலைக்கழிப்பான்” என்று. காலில் கட்டோடு மாடிப்படி ஏறி வந்தவனுக்கு அது அக்கறை போலத்தான் தெரிந்தது.

அவர் போட்ட நிபந்தனைகள் மூன்று. தவணை கட்டக் கூடாது, கட்டினால் வசதி இருக்கிறது என்று நினைப்பார்களாம். போன் எடுக்கக் கூடாது. மனைவி சென்டருக்கு, அதாவது குழுக் கடன் கட்டக் கூடும் இடத்துக்கு, போகக் கூடாது. மச்சான் தந்த ஓட்டோக் காசு, லீசிங்குக்கு என்று எடுத்து வைத்த அதே காசு, அவர் கைக்குப் போனது.

குழுக் கடன் எடுத்த வீடுகளில் இருக்கிறவர்களுக்கு மூன்றாவது நிபந்தனை எவ்வளவு மோசமானது என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. எங்கள் சென்டர் செவ்வாய்க்கிழமை, ஒரு வீட்டு மாமரத்தின் கீழ். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்டும்வரை யாரையும் எழும்ப விடமாட்டார்கள். முதல் செவ்வாய் மனைவி போகவில்லை. இரண்டாவது செவ்வாயும் போகவில்லை. அந்த நாலு பேரும் ஆளுக்கு 300, 400 என்று போட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி தையல்காரி, ஒருத்தியின் கணவர் தோணிக்காரர், கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும். மூன்றாவது கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கத்தவில்லை. ஏசவில்லை. படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கு அடுத்த நாள் கடையில் கண்டபோது அவர்களில் ஒருத்தி மனைவியோடு பேசவில்லை.

அன்றிரவு மனைவி சொன்னாள்: “அவங்கட காசில நான் நிம்மதியா இருக்க ஏலாது.” நான் அந்த ஆலோசகர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. இடியப்பம் அவித்து விற்கும் காசில் 500, 600 என்று எடுத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் செவ்வாய்தோறும் போகத் தொடங்கியிருக்கிறாள். பிந்தித்தான் அது எனக்குத் தெரிந்தது. முழுத்தொகை இல்லாவிட்டாலும், மரத்தடியில் வந்து உட்கார்ந்ததால் அந்தப் பெண்கள் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனிப் பையனும் மேலிடத்தில் பேசித் தவணையைச் சிறிதாக்கித் தந்தான். எங்கள் வீட்டில் புத்தியாக நடந்தது அவள் ஒருத்திதான்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, களுவாஞ்சிக்குடிச் சந்தியில் மச்சானை மறித்து ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் ஆலோசகருக்கு அடித்தேன். அவர் போன் எடுக்கவில்லை. எனக்கு அவர் சொல்லித்தந்த பாடத்தை அவரே நன்றாகக் கடைப்பிடித்தார்.

அடுத்த நாள் ஊன்றுகோலோடு லீசிங் கிளைக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: ஐந்து தவணை நிலுவை, 92,500. தண்ட வட்டியும் வண்டியை எடுத்த செலவும் வேறு. என் சார்பில் யாரும் வந்ததும் இல்லை, ஒரு கடிதம் வந்ததும் இல்லை.

35,000உம் நாலு 15,000உம். 95,000. அந்தக் கதிரையில் இருந்தபடியே மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நிலுவைத் தவணைகள் அத்தனையையும் கட்டியிருந்தாலும் 2,500 மிஞ்சியிருக்கும்.

“விழுந்த மாதமே டொக்டர்ட கடிதத்தோட வந்திருந்தா, நாலைந்து மாதத்துக்கு வட்டிய மட்டும் கட்ட விட்டிருப்பம் அண்ணன்” என்றான் அந்தத் தம்பி. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்க ஒரு சதம்கூடச் செலவில்லை. நான் கேட்கவே இல்லை.

டைல் வெட்டும் பெரிய மெஷினை விற்று இரண்டு தவணையும் செலவும் கட்டி வண்டியை மீட்டேன். மிச்சத்தைக் காலத்தை நீட்டிப் பிரித்துத் தந்தார்கள். இதில் மொத்த வட்டி கூடும், அதைத் தெரிந்தே கையெழுத்து வைத்தேன். இந்த முறை தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரதி வாங்கினேன்.

பிறகு ஒவ்வொரு இடமாக நானே போனேன். வங்கியில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி அடகு வைக்க முடிந்தது. குழுக் கடனில் காப்புறுதிக்கு என்று ஆரம்பத்தில் பிடித்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் அது மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் மட்டும், என் குதிக்கால் அதில் வராது. உங்களுடையதில் வரலாம், ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதி இல்லாதவனுக்கு வேலைத்தள விபத்துக்கு நட்டஈடு கிடையாது என்றும் அந்த ஆலோசகர் சொல்லியிருந்தார். அதுவும் பொய். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது, நாட்சம்பளக்காரனும் அதில் கேட்கலாம். என்னை வேலைக்குக் கூட்டிப்போன ஒப்பந்தக்காரர் 10,000 ரூபாவும் ஒரு பை பழமும் தந்ததோடு சரி. தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேட்டு, கிளினிக் கடிதத்தை வைத்து விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை. இதையெல்லாம் காலம் கடத்தாமல் செய்ய வேண்டும். நான் அவரை நம்பி ஐந்து மாதத்தை விட்டுவிட்டேன்.

மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கும் அடித்தேன். நிதி நிறுவனம் உங்களை மோசமாக நடத்தினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, சரிவராவிட்டால் அங்கே முறையிடலாம். ஆனால் என் ஆலோசகர் எந்த உரிமமும் இல்லாத ஆள். அவருக்குப் பொலிஸ்தான் வழி. உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. காசு கொடுக்க முதல் அதைப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

வெற்றுத் தாள்களை நினைத்துத்தான் எனக்கு நித்திரை போனது. மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. அங்கிருந்த சட்டத்தரணி முதலில் சொன்னது, “இன்றைக்கே பொலிசில் என்ட்ரி போடுங்கள், இன்ன திகதியில் இன்னாருக்கு மூன்று வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்தேன் என்று.” நாளைக்கு அந்தத் தாளில் நான் 5 இலட்சம் கடன் வாங்கியதாக எழுதி யாரும் கொண்டுவந்தால், அதற்கு முன்னரே போட்ட அந்த என்ட்ரி எனக்குக் கைகொடுக்குமாம்.

பொலிசில் கேட்ட முதல் கேள்வி, காசு கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எங்கே என்பது. என்னிடம் இருந்தது, 35,000 என்று அவர் கையால் எழுதித் தந்த ஒரு சின்னத் துண்டு. பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை, திகதி மட்டும். மற்றதெல்லாம் கையோடு கை. அவருடைய வாட்ஸ்அப் செய்திகளை மகன் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. “போன் எடுக்க வேணாம்” என்று அவர் அனுப்பிய குரல் பதிவும் அதில் இருக்கிறது. மாடி அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. கீழ்க்கடைக்காரர், என்னைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் தேடி வந்ததாகச் சொன்னார், அதில் இரண்டு பேர் ஊன்றுகோலோடு.

அந்த ஏழெட்டுப் பேரில் யாராவது இதை வாசித்தால், தனியாக ஒதுங்கி இருக்காதீர்கள். அவர் தந்த துண்டு, அனுப்பிய செய்தி, காசு கொடுத்த திகதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புப் பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். தனி ஒருவனின் 35,000 ரூபாத் துண்டை வைத்து அதிகம் செய்ய முடியாது, நாலு பேர் வந்தால் பார்க்கலாம் என்று அங்கே சொன்னார்கள். கீழ்க்கடைக்காரரிடம் என் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த திங்கள் மறுபடி போகிறேன்.