மொட்டை மாடியில் நான்கு வருட சாட்நாக்ஸ்

2021 கடைசியில் நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சாட்நாக்ஸ் நிலையம் போட்டேன். குட்டிச் செயற்கைக்கோள்கள் அமெச்சூர் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கான) அலைவரிசையில் அனுப்பும் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளைப் பிடித்து இணையத்தில் ஏற்றுவதுதான் அதன் வேலை. 2014இல் ஏதென்ஸில் ஒரு ஹேக்கர்ஸ்பேஸில் (ஆர்வலர்கள் கூடிச் சாதனங்கள் செய்யும் இடம்) ஆரம்பித்து, அதே வருடம் ஹேக்கடே என்ற வன்பொருள் போட்டியின் பரிசும் வாங்கிய திட்டம் இது, இப்போது லிப்ரே ஸ்பேஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஆண்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் வரைபடத்திலிருந்து மென்பொருள் வரை எல்லாமே திறந்த உரிமம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அந்தச் 'செய்துகொள்ளலாம்'தான் என்னைப் படுத்தியது. ரோட்டேட்டரின் பாகங்களை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் எடுத்து, மோட்டார் மாட்டி, பெருமையாக மாடியில் நிறுத்தினேன். பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். வெயிலில் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். இரண்டே வாரத்தில் கியர் கோணிக்கொண்டது. தப்பு என்னுடையதுதான். கழற்றிப் போட்டுவிட்டு, திருப்பத் தேவையில்லாமல் அசையாமல் நிற்கும் டர்ன்ஸ்டைல் என்ற வகை ஆண்டெனா ஒன்றை வைத்தேன், இன்றுவரை அதுதான். அடிவானத்துக்குப் பக்கத்தில் போகும் பலவீனமான சிக்னல்கள் கிடைக்காது, போகட்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரோட்டேட்டர் பக்கமே போகாதீர்கள்.

மற்றபடி ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, சிக்னலை வாங்க யுஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள், ஆண்டெனா அடியிலேயே பலவீனமான சிக்னலைப் பெருக்க ஒரு எல்என்ஏ. கரண்ட் போய்ப் போய் மூன்று எஸ்டி கார்டு செத்த பிறகு எஸ்எஸ்டிக்கு மாறினேன். ஐப்பசி மழையில் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியது தனிக் கதை. "மக்களே, ஒனக்க கம்பிக்கிட்ட வத்தல் காயப் போட்டிருக்கேன், மழை வந்தா எடுத்துப் போடு" என்று அம்மா சொன்ன அன்று வத்தலைக் காப்பாற்றினேன், கனெக்டரைக் கவனிக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது வாட்டர்ஃபால் படம், நேரம் போகப் போக எந்த அலைவரிசையில் சிக்னல் வந்தது என்று காட்டுவது. ரிசீவர் டாப்ளர் விலகலை (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகர்வதை) தானே சரிசெய்துகொண்டே போவதால், செயற்கைக்கோள் சிக்னல் நேர்கோடாக விழும். அக்கம்பக்கத்து இரைச்சல் எஸ் போல வளைந்து வரும். 2022 பிப்ரவரி 14 அன்று பிஎஸ்எல்வி-சி52இல் இன்ஸ்பயர்சாட்-1 என்ற குட்டிச் செயற்கைக்கோள் போனது, திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி விண்வெளிக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து கட்டியது. பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது என்று விடாமல் காத்திருந்தேன். அது காலை ஆறு, மாலை ஆறு ஒட்டி நம் தலைக்கு மேல் வரும் பாதை. மாலை ஆறு மணி படத்தில் மட்டும் தினமும் தடியாக ஒரு வளைவு, பாக்கெட் ஒன்றுகூட டீகோட் ஆகவில்லை, ஏனென்றால் அது பாக்கெட் அனுப்பும் ஏஎக்ஸ்.25 முறையில் ஒரு பிட் தப்பினாலும் மொத்த பாக்கெட்டும் குப்பைக்குத்தான். பக்கத்து வீட்டு கேமரா, எதிர்வீட்டு இன்வெர்ட்டர் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தபின் தெரிந்தது, ஆறு மணிக்கு நாங்களே போடும் மாடிப்படி எல்இடி பல்பு. மாற்றிய மறுநாள் மெல்லிய நேர்கோடு, கூடவே நான்கு பாக்கெட்.

ஆட்கள் பக்கம் வருவோம். இதில் நிலையம் வைத்திருக்கும் எவரும் அடுத்தவர் நிலையத்தில் நேரம் பதிவு செய்யலாம். ராத்திரி இரண்டு மணிக்கு முகம் தெரியாத யாரோ என் ஆண்டெனாவில் எதையோ கேட்டுக்கொண்டிருப்பார். துருவப் பாதைச் செயற்கைக்கோள் நார்வேயில் கிட்டத்தட்ட ஒவ்வொரு சுற்றிலும் தெரியும், நமக்கு நாளைக்கு நான்கு முறை தெரிந்தால் அதிகம், அதனால் இந்தப் பக்கத்து நிலையங்களுக்குக் கிராக்கி உண்டு. ஒரே ராக்கெட்டில் நூற்றுக்கணக்கில் ஏவும்போது எது எந்தச் செயற்கைக்கோள் என்றே முதல் நாட்களில் தெரியாது. டாப்ளரை வைத்து அடையாளம் காண்பதும் பல நேரம் இந்தத் தன்னார்வலர்கள்தான்.

குறையும் இருக்கிறது. பிரபலமான செயற்கைக்கோளை ஒரே நேரத்தில் பத்து நிலையம் பதிவு செய்யும், மாணவர்கள் கட்டிய ஏதோ ஒன்றுக்கு ஆளே இருக்காது. பதிவு செய்துவிட்டு, சிக்னல் வந்ததா இல்லையா என்று குறிக்காமலே போகிறவர்கள் அதிகம். நானே ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மற்றவர்களுடையதையும் பார்த்துக் குறித்துவிடுவேன், காபி ஆறிப்போகும்.

போன வாரம் காகம் ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து ஆண்டெனாவின் ஒரு கையை வளைத்துவிட்டது. வேறு யாரும் பதிவு செய்து ஏமாறக் கூடாது என்று நிலையத்தை டெஸ்டிங் (சோதனை) நிலையில் போட்டு வைத்திருக்கிறேன். அலுமினியக் கம்பி வாங்க வேண்டும்.