ஏழு வருடத்தில் எனக்கு ஒட்டிய ஜெப முறைகள்

வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில், ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபிக்கிற சங்கிலி ஜெபம் என்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். என் முறை நெருங்குகிற பயத்தில் மற்றவர்கள் ஜெபிப்பது எதுவும் காதில் ஏறாது. "வாயத் தொறந்து பேசோணும் கண்ணு, ஆண்டவர் கேப்பாரு" என்று பெரியம்மா அன்பாகத்தான் சொல்வார். எங்களுடையது லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் மிஷனரி சங்கத்தின் வழி வந்த ஈரோட்டுக் குடும்பம். 1947இல், அச்சிட்ட ஜெபங்களைப் பயன்படுத்துகிற ஆங்கிலிக்கன் சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும், அச்சிட்ட ஜெபத்தைவிட மனதிலிருந்து வருகிற ஜெபமே பெரிது என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அதனால் வார்த்தை வராததை விசுவாசக் குறைவு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். வேதத்தில் அன்னாள் என்ற பெண் உதடு மட்டும் அசைய ஜெபித்ததையும், ஆசாரியனான ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்ததையும் ஒருநாள் நிறுத்தி வாசித்தபோதுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

முதலில் பிடித்தது ஒரு வருட வேதவாசிப்புத் திட்டம். மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று அல்லது நான்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள் நான். கட்டம் கட்டமாக டிக் போடுவது எவ்வளவு பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருடம் முடிந்தது, ஒரு கட்டமும் விடுபடவில்லை. ஆனால் யாரிடமும் பேசியதாகத் தோன்றவில்லை. என் சுபாவத்துக்கு அளவுக்கு மீறிப் பொருந்திப்போனதுதான் அதன் கோளாறு என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் கோவைப் பக்கம் கத்தோலிக்கத் தோழி ஒருத்தி கூட்டிப்போன தியானத்தில் லெக்ஸியோ திவினா கற்றேன். வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியில் தங்குதல் என்ற நான்கு படிகளையும் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி ஓர் ஏணியாக எழுதி வைத்தார். ஒரு சிறு பகுதி போதும். மெதுவாக வாசித்து, மனதைத் தொடுகிற சொல்லில் நின்றுவிட வேண்டும். நான் அந்தச் சொல்லை நோட்டில் எழுதி, அதன் கீழேயே ஜெபத்தையும் எழுதுகிறேன். 121ஆம் சங்கீதத்திலேயே மூன்று வாரம் இருந்தேன். வாயில் வராதது பேனாவில் வந்தது. நான்கு வருடமாக விடிகாலை இதுதான்.

மாலைக்கு வேறு. இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 16ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த அன்றாட ஆத்தும சோதனையை ஈரோட்டுக்குத் திரும்பும் ரயிலில் செய்கிறேன். ஊத்துக்குளி வரை அன்றைய நன்மைகளுக்கு நன்றி. விஜயமங்கலம் தாண்டும்வரை அந்த நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்ப்பேன்: யாரிடம் எரிந்து விழுந்தேன், எங்கே ஆண்டவர் பக்கத்தில் இருந்தும் கவனிக்கவில்லை. ஈங்கூர் வரும்போது மன்னிப்பும் நாளைக்கான வேண்டுதலும். அன்றாடம் வரவு செலவு முடிக்கிறவளுக்கு இது இயல்பாக வந்தது. ஆனால் தப்பை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துபோகும். நன்றியில் தொடங்குவதைத் தயவுசெய்து விடாதீர்கள்.

கிரேக்க, ரஷ்ய சபைகள் போன்ற கீழைத் திருச்சபைகளின் இயேசு ஜெபம், அதாவது "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வது, எனக்கு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அதுதான் உயிர். பத்து நிமிடம் உட்கார முடியாத மனிதர். காளிங்கராயன் வாய்க்கால் கரையில் மஞ்சள் காடுகளைப் பார்த்துக்கொண்டு, நடைக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி அதைச் சொல்லிக்கொண்டே போவார். ஒரே வீட்டில் இருந்தாலும் ஒருவர் முறையை மற்றவர்மேல் திணிக்கக் கூடாது என்று நாங்கள் தெரிந்துகொள்ளவே இரண்டு வருடம் ஆனது.

புதிதாக ஒன்றைத் தொடங்கினால் மூன்று மாதமாவது கொடுங்கள். முதல் வாரச் சந்தோஷத்தை வைத்தோ, இரண்டாம் மாதச் சலிப்பை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம்.

போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரமும் நோட்டு திறக்கவே இல்லை. ரயிலில் கண்ணை மூடினால் அழுகை மட்டும் வந்தது. அந்த நாட்களில் பெரியம்மாவும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தாரும் வார்டுக்கு வெளியே நின்று வாய்விட்டு ஜெபித்தார்கள். என்னால் ஆமென் மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தை நான் விடுவதில்லை. என் முறை வந்தால், அந்த வாரம் நோட்டில் எழுதிய வசனம் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.