சமையல் தராசும் கலோரி நோட்டும்: சேலத்துச் சமையலறையில் நீண்ட நாள் பயன்பாடு

ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, ஒரு நோட்டு. தினமும் கலோரிக்கு பட்ஜெட் போட இவ்வளவு போதும். செயலி இருந்தால் கூட்டல் கழித்தல் மிச்சம், அவ்வளவுதான். மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சோற்றில் தவறுவதில்லை. எண்ணெய், தேங்காய், கடலை என்று யாரும் அளக்காத மூன்றில்தான் பட்ஜெட் கரைகிறது.

முதலில் வரம்பு. சும்மா இருந்தாலே உடல் ஒரு நாளில் செலவிடும் கலோரியைக் கணக்கிட, மிஃப்லின்–செயின்ட் ஜியோர் என்ற 1990-ஆம் ஆண்டுச் சூத்திரமே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. எடையை (கிலோ) 10-ஆலும் உயரத்தை (செ.மீ.) 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆணுக்கு 5 கூட்ட வேண்டும், பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும். 68 கிலோ, 158 செ.மீ., 42 வயதுப் பெண்ணுக்கு 1,297 வரும். உட்கார்ந்த வேலையும் கொஞ்சம் நடையும் என்றால் 1.375-ஆல் பெருக்கினால் 1,783. எடை மெதுவாகக் குறைய அதில் 350 கழித்தால் ஏறக்குறைய 1,430.

அந்தப் பெருக்கு எண்ணில்தான் ஆசை புகுந்துவிடும். காந்தி ஸ்டேடியத்தில் வாரம் இரண்டு நாள் நடப்பவர்கூட 1.55 போட்டுக்கொள்வார். இந்தப் பெண்ணின் கணக்கில் அது மட்டும் ஒரு நாளைக்கு 220-க்கு மேல் கூடுதல். கையில் கட்டும் கடிகாரம் 'எரித்ததாக'க் காட்டும் கலோரியை மறுபடி சாப்பிட்டுக்கொள்வதும் இதே வகைத் தவறு. அந்தக் கருவிகள் இதயத் துடிப்பை ஓரளவு சரியாகப் பிடிக்கும், கலோரியில் நிறையவே தவறும். ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே நடந்து ஏறினாலும் அந்த எண்ணை பட்ஜெட்டில் வரவு வைக்காமல் இருப்பதே நல்லது.

1,430-ஐ நாள்தோறும் பிடித்துக்கொண்டு தொங்குவது நம் ஊருக்கு ஒத்துவராது. வாரக் கணக்காக 10,000 என்று வைத்தால் ஆறு நாள் 1,350, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு 1,900. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில்கூட இந்த முறை தாங்குகிறது.

தராசு வாங்கியதும் சோதித்துவிடுங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். கடப்பாக் கல் மேடை சமமாக இருந்தால் அதன் மேல் வைக்கலாம். துணி விரித்து வைத்தால் எண் ஆடும். கொதிக்கிற பாத்திரத்தை நேராகத் தட்டில் வைத்தால் அளவு நகரும், நாளடைவில் சென்சாரும் கெடும். நடுவே ஒரு மரப்பலகை வைத்து, அதன் எடையை பூஜ்ஜியமாக்கிவிட்டு வையுங்கள். இவ்வகைத் தராசுகள் ஒன்றிரண்டு கிராமைச் சரியாக உணர்வதில்லை. அதனால் தோசைக்கல்லில் விடும் எண்ணெயை நேரடியாக அளக்க முடியாது. சமைக்கும் முன் எண்ணெய்த் தூக்கை ஒருமுறையும் முடித்தபின் ஒருமுறையும் நிறுத்து, வித்தியாசத்தை எழுதினால் போதும்.

அதுவும் தொல்லை என்றால் பாக்கெட்டை வகுக்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக 8,190. நான்கு பேர் வீட்டில் அது பத்து நாள் வந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 205 கலோரி. யாரையும் கேட்காமல் இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவது, செயலி சொல்லும் எந்த 'ஒரு கிண்ணம் சாம்பார்' கணக்கையும்விட நம்பகமானது. பொரித்து மிஞ்சும் எண்ணெயைக் கழித்துக்கொள்ள வேண்டும். வாரக் கடைசியில் தோராயமாகக் கழித்தாலும் பரவாயில்லை.

செயலிகளில் பெரிய சிக்கல், பதிவுகளில் பாதி யாரோ பயனர்கள் ஏற்றியவை. ஒரே குழம்புக்கு மூன்று எண் வரும். அரிசி என்ற பதிவு பச்சையா, வெந்ததா என்று பார்க்காமல் தொட்டால் நாளே புரளும். வேகாத அரிசி 100 கிராம் சுமார் 350 கலோரி. வெந்தால் அது ஏறக்குறைய மூன்று மடங்கு எடையாகும், அதனால் 200 கிராம் சோறு 240 பக்கம்தான் வரும். அதையே வேகாத அரிசியில் போட்டால் 700. இன்னொரு பொறி, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை. நம்பத் தகுந்தது அதுதான், ஆனால் ஆற்றலை கிலோ ஜூலில் தருகிறது. அரிசிக்கு நேரே 1,490 போல ஓர் எண் இருக்கும். பதற வேண்டாம், 4.184-ஆல் வகுத்தால் 356.

வீட்டுச் சமையலுக்கு ஒரே வழி, பொருளைப் பச்சையாக நிறுத்துக் கூட்டி, வெந்தபின் மொத்த எடையால் வகுப்பது. காலிப் பாத்திரத்தின் எடை முன்னமே தெரிந்திருக்க வேண்டும். சீர்வரிசைப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற கடையிலேயே அடியில் எடையையும் வெட்டித் தரச் சொல்லலாம், மார்க்கரில் எழுதினால் சபீனாவோடு போய்விடும்.

தோசை மாவைப் பாருங்கள். இட்லி அரிசி 800 கிராம் (2,800), உளுந்து 200 கிராம் (680), வெந்தயத்தையும் சேர்த்தால் சுமார் 3,500. ஆட்டி எடுத்த மாவு இரண்டரைக் கிலோ என்றால் 100 கிராம் மாவு 140. 45 கிராம் மாவில் ஊற்றிய இட்லி 63. 80 கிராம் மாவில் தோசை 112, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் 150. நான்கு இட்லியும் 250, இரண்டு தோசையும் 300 என்றால் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் தொட்டுக்கொள்வதில் வருகிறது. தேங்காய் 60 கிராம், பொட்டுக்கடலை 20 கிராம், தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் என அரைத்த சட்னி மொத்தம் 325, மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 108. கடலைச் சட்னி இன்னும் அடர்த்தி. நிலக்கடலை 100 கிராமே 550 பக்கம். கரண்டி நிறைய இரண்டு முறை வாங்கினால் ஒரு தோசைக்குச் சமமாகிவிடும். தக்காளிச் சட்னியில் எண்ணெயை மட்டும் பார்த்தால் போதும், தக்காளிக்குக் கணக்கே வேண்டாம்.

காப்பிக்கும் அதே கதை. ஏற்காட்டுத் தூள் எவ்வளவு ஒஸ்தியானாலும் டிகாக்‌ஷனில் கலோரி இரண்டோ மூன்றோதான். 100 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் என்றால், ஆரஞ்சு பாக்கெட் பாலில் (கொழுப்பு 6 சதவீதம்) 130, நீல பாக்கெட்டில் (3 சதவீதம்) 100. மூன்று வேளைக்கு 390-ஆ 300-ஆ என்பது பாக்கெட் நிறத்தில் இருக்கிறது. சர்க்கரையை ஒரு டீஸ்பூனாக்கினால் வேளைக்கு இன்னும் 20 குறையும்.

தட்டுவடை செட்டை விட்டுவிட்டு சேலத்தில் பட்ஜெட் பேச முடியாது. பொரித்த மாவுப் பண்டம் எதுவானாலும் கிராமுக்கு 5 கலோரி என்று போடலாம். தட்டை ஒன்று 8 கிராம் என்றால் ஒரு செட்டின் இரண்டு தட்டை 80. நடுவே வைக்கும் கேரட், பீட்ரூட், சட்னிக்கு 20 சேர்த்து செட் 100. மூன்று செட் தாராளமாகப் பட்ஜெட்டில் அடங்கும். நொறுக்கல்தான் ஆபத்து. உடைத்துப் போடுவதால் எத்தனை தட்டை என்று எண்ண முடியாது. ஒரு தட்டுக்கு 300 என்று மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள் என்பதற்காகச் சலுகை கிடையாது. உலர்ந்தது 100 கிராம் 350 கலோரி, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் பெயருக்குத்தான். காலையில் கிச்சடியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் பசிக்கும். கடலையோ முட்டையோ கூட வேண்டும். மாம்பழம் இதற்கு நேர் எதிர், பயப்படும் அளவுக்கு இல்லை. சதை 100 கிராம் 60 கலோரி. பெரிய மல்கோவாவில் 300 கிராம் சதை எடுத்தாலும் 180-தான். தோல், கொட்டையைக் கழித்து நிறுக்க வேண்டும்.

எடையைத் தினமும் காலையில் பார்த்து ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். விருந்துக்கு மறுநாள் ஏறும் ஒரு கிலோ பெரும்பாலும் உப்பு பிடித்துவைத்த நீர். நான்கு வாரச் சராசரி அசையவில்லை என்றால் சூத்திரத்தைக் குறை சொல்லாமல் முதலில் எண்ணெய்க் கணக்கைச் சரிபார்த்து, பிறகு 100 குறைக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், வளரும் பிள்ளைகளுக்கு இந்த முறையே வேண்டாம். சாப்பாட்டைக் கண்டாலே எண் மட்டும் தெரிய ஆரம்பித்தவரும் நோட்டை மூடிவிட வேண்டும்.

சில மாதம் போனால் சோற்றையும் காயையும் நிறுப்பது தானாக நின்றுவிடும், நிற்கட்டும். எண்ணெய், கடலை, தேங்காய் மூன்றையும் மட்டும் விடாதீர்கள். வீட்டில் கரண்டி மாறினாலோ, மாவு ஆட்டுபவர் மாறினாலோ ஒரு வாரம் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்து எழுதுங்கள்.